தேடும் முன், வந்தது என்ன என்று பார்ப்போம்

பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்பது நம் மேல்நிலைப் பாடத்திட்டம். கல்லூரியில் ஜாவா படிக்க விரும்பும் சில மாணவர்களுக்கு, நாகர்கோவில் அருகே நான் பணியாற்றும் பள்ளியில் மாலை நேரத்தில் அதன் அடிப்படையைச் சொல்லித் தருகிறேன்.

அணியில் தேடும் நிரலுக்கு எங்கள் மாவட்டத்து அணைகளையே எடுத்துக்கொண்டோம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி. ஓர் அணியில் பெயர்கள், இன்னொன்றில் முழு நீர்மட்டம். எத்தனை அணைகளைத் தேட வேண்டும் என்று நிரல் முதலில் கேட்கும். பிறகு ஒவ்வொரு பெயராகக் கேட்டு, அதன் அடிக்கணக்கைச் சொல்லும். பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தோம்.

ஒரு மாணவி 2 என்று கொடுத்தாள். "சார், பேரை நான் அடிக்கவே இல்ல, அதுக்குள்ள இல்லன்னு சொல்லுது" என்றாள். இரண்டாம் முறை நிரல் காத்திருந்தது. பெருஞ்சாணி என்று அடித்தும் "இல்லை" என்றே வந்தது. மடக்கில்தான் பிழை என்று நான் சொல்லிவிட்டேன். மூன்று முறை மாற்றி எழுதினாள். "எனக்கு இது வராது சார்" என்று நோட்டை மூடினாள். அவள் மடக்கு முதலிலிருந்தே சரியாக இருந்தது. தவறு என் தீர்ப்பில்.

மறுநாள் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பெற்ற உள்ளீட்டை இரு சதுர அடைப்புக்குறிகளுக்கு நடுவே, அதன் நீளத்தோடு அச்சிட வேண்டும். முதல் முறை அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை, நீளம் 0. எண்ணைப் பெறும் நெக்ஸ்ட்இன்ட் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நாம் தட்டிய என்டரை விட்டுவிடுகிறது. அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன் அந்த மிச்சத்தை வெற்று வரியாக வாசித்துவிடுகிறது. எண்ணையும் முழு வரியாகப் பெற்று, பிறகு எண்ணாக மாற்றினால் இது தீரும்.

இரண்டாம் முறை பெயர் சரி, நீளம் 10. உள்ளீட்டில் குறையில்லை என்பது தெரிந்துவிட்டதால் ஒப்பீட்டைப் பார்த்தோம். இரட்டைச் சமக்குறி போட்டிருந்தாள். ஜாவாவில் சரங்களுக்கு அது இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கும், எழுத்துகளை ஒப்பிடாது. ஈக்வல்ஸ் என்று மாற்றியதும் 77 வந்தது. பக்கத்து மாணவனுக்கு நீளம் 11. பெயருக்குப் பின் ஓர் இடைவெளி. ட்ரிம் அதை நீக்கியது.

பாடத்திட்ட மொழிகளுக்கும் இது பொருந்தும். சி++-இல் சின்னுக்குப் பின் கெட்லைன் வந்தால் இதே என்டர் சிக்கல்தான். பைத்தானில் இன்புட் தருவது எப்போதும் சரம்; எண்ணாக மாற்றாமல் 48-ஐத் தேடினால் எண் அணியில் கிடைக்காது.

ஆசிரிய நண்பர்களே, விடை தவறினால் நிரலைத் திருத்தச் சொல்லும் முன், உள்ளே வந்தது என்ன என்று மாணவரையே அச்சிட்டுப் பார்க்கச் சொல்வோம். பிழை எந்தப் பாதியில் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நோட்டை மூடிய மாணவி இப்போது பக்கத்துக் கணினிக்குப் போய், "மொதல்ல அடைப்புக்குறி போட்டுப் பாரு" என்கிறாள்.