யாத்திரைக்கு இடந் தெரிதல்

தேசமெங்கும் ஜனங்கள் ஓர் அநீதியை எதிர்த்துக் கால்நடையாய்ப் புறப்பட வேண்டுமாயின், எவ்வழிச் சென்று எவ்விடத்தில் முடிவது என்பதை நிச்சயிப்பவர் முதலிற் கருதத்தக்கது யாது? பெரிய நகரமும் பெருங்கூட்டமுமே என்பர் நம்மிற் பலர். 1930-ஆம் வருஷத்து உப்புச் சத்தியாக்கிரகம் வேறு விடை பகர்கின்றது.

மார்ச்சு 12-ஆம் தேதி காந்தியடிகளும் தொண்டரும் ஏறக்குறைய எண்பதின்மர் சபர்மதி ஆசிரமத்தினின்று புறப்பட்டு, 240 மைல் நடந்து, ஏப்ரல் 5-ல் தண்டியை அடைந்தனர். தண்டியோ அந்நாளில் சூரத்து ஜில்லாவைச் சேர்ந்திருந்த கடலோரத்துச் சிற்றூர். முதலில் கருதப்பட்டது மகீ நதி முகத்தையடுத்த பதல்பூராகும். அந்நதிக்கரையை யாத்திரையினர் எட்டாம் நாளே அடைந்துவிட்டனர். ஆங்கே முடிந்திருப்பின் பரோச்சு, சூரத்து ஜில்லாக்களின் கிராமங்கள் அவர்களைக் கண்டிரா. தண்டியில் உப்பு மணல்மேல் இயல்பாகவே படிவது. காய்ச்சப் பாத்திரமும் வேண்டா, அள்ளக் கையொன்றே போதும். மேலும், வழி நெடுகிலும் 1918-ல் வரிமறுத்த கேடா ஜில்லாவின் ஊர்களும், 1928-ல் வென்ற பர்தோலியை அடுத்த ஊர்களும் இருந்தன. முன்னரே ஒருமுறை அஞ்சாது நின்றவர் வாழும் நிலத்தின்மீதே வழி வகுக்கப்பட்டது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

மாணவராகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குஜராத் வித்தியாபீடத்து மாணவர் சிலர் ‘அருணப் படை’ எனும் பெயரால் முன்னதாகவே கிராமந்தோறும் சென்றனர். தோரணங் கட்டுதல் அவர் வேலையன்று. ஊரின் ஜனத்தொகை எவ்வளவு, ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், தீண்டப்படாதார் எத்துணைப் பேர், நிலவரி எவ்வளவு, இராட்டினங்கள் எத்தனை, உப்புச் செலவு யாது, பசுக்கள் எத்தனை என்று விசாரித்துக் குறித்துவைப்பதே அவர் வேலை. மாலைக் கூட்டத்தில் காந்தியடிகள் அவ்வூர்க் கணக்கைக் கொண்டே அவ்வூராரிடம் பேசினார். வேற்றூர்ப் பிரசங்கியின் சொல் கேட்போர் காதோடு நின்றுவிடும். தம் வரியையும் தம் மாட்டையும் எண்ணிச் சொல்பவன் சொல்லோ அங்ஙனம் நிற்பதன்று.

ஏனைய மாகாணங்கள் தத்தமக்கேற்ற இடங்களைத் தெரிந்துகொண்டன. வங்கத்தில் காந்தாய், உத்கலத்தில் இஞ்சுடி, மலையாளத்தில் பையனூர். கடலற்ற மத்திய மாகாணத்தார் காட்டுச் சட்டங்களை மீறினர். மீறத்தக்க சட்டம் எங்குளதோ அங்கேதான் நடக்கவேண்டும். கடலில்லாத ஊரார் கடலைத் தேடிப் பல நூறு மைல் போதல் வீண்.

நம் நாட்டில் இராஜாஜி தெரிந்த இடம் வேதாரணியம். உப்பளங்கள் அண்மையிலிருந்தன, வேதரத்தினம் பிள்ளை போன்ற உள்ளூர்த் துணைவரும் இருந்தனர். ஏப்ரல் 13-ல் திருச்சிராப்பள்ளியினின்று ஏறக்குறைய நூறு தொண்டர் புறப்பட்டனர். ஆயின் நேர்வழியே கடலை நாடாது, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி எனக் காவிரிநாட்டு ஊர்களூடே சுற்றிச் சென்றனர். அவர்க்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். அவ்வாணை தம்மைத் தடுத்ததாக ஊரார் காட்டிக்கொள்ளவில்லை. தொண்டர் வரும் பாதையிலுள்ள மரக்கிளைகளிற் சோற்றுப் பொட்டலங்களை இரவிற் கட்டிவைத்துத் தத்தம் வீடு திரும்பினர்.