ஆறாத வாய்ப்புண்ணும் கொப்புளமும்: பெம்பிகஸ் நோயைக் கண்டறிதல்

வாய்ப்புண் வந்தால் உடற்சூடு என்றோ வைட்டமின் குறைவு என்றோ எண்ணுவது நம் வழக்கம். பெரும்பாலான புண்கள் இரு வாரங்களுக்குள் ஆறிவிடுகின்றன. ஆறாமல் நீடித்து, பின்னர் மார்பிலும் முதுகிலும் எளிதில் உடையும் கொப்புளங்கள் தோன்றினால், ‘பெம்பிகஸ் வல்காரிஸ்’ என்னும் அரிய நோயாக இருக்குமோ என்று ஆராய வேண்டும். அம்மை என்றோ அக்கி என்றோ கருதிக் காலம் கடத்துவதால் இந்நோய் பலருக்குத் தாமதமாகவே தெரியவருகிறது.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

மேல்தோலின் செல்களை, செங்கற்களை இணைக்கும் சாந்துபோல, டெஸ்மோகிளின் என்னும் புரதம் பிணைத்துவைத்திருக்கிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் இப்புரதத்தையே தாக்கும்போது பிணைப்பு அறுந்து, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. இது கிருமியால் வருவதன்று. தொடுவதாலோ உடன் உண்பதாலோ பிறருக்குத் தொற்றாது.

இரண்டு இடங்களில் தோல் எடுப்பது ஏன்?

“கொப்புளத்தில் எடுத்தது போதாதா? நன்றாக இருக்கும் தோலிலும் ஏன் எடுக்கிறீர்கள்?” என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே.

முதல் துண்டு, புதிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. தோல் எந்த அடுக்கில் பிரிந்துள்ளது என்பதை அது காட்டும். பெம்பிகஸில் மேல்தோலுக்குள்ளேயே பிரிவு ஏற்படும். முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் பெம்பிகாய்டு நோயில் மேல்தோலுக்கு அடியில் ஏற்படும்.

இரண்டாம் துண்டு, அருகிலுள்ள கொப்புளமில்லாத தோல். கொப்புளம் உடைந்த இடத்தில் எதிர்ப்பொருள்கள் சிதைந்துபோயிருக்கலாம். அருகிலுள்ள தோலில் அவை அப்படியே படிந்திருக்கும். ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மீன்வலை போலத் தெரியும். நோயை உறுதிசெய்வது பெரும்பாலும் இத்துண்டே.

மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அளவே எடுக்கப்படும். டெஸ்மோகிளின் 1, 3 ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் துணைநிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கொப்புளங்களை உடைக்காதீர்கள்; புதிய கொப்புளம் பரிசோதனைக்கு உதவும்.
• மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கி உட்கொள்ளாதீர்கள். நோயின் அடையாளங்கள் மறையக்கூடும்.
• உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் பெரும்பாலும் உயிரைப் பறித்தது. இன்று கட்டுப்படுத்த இயலும். அதற்கு முதற்படி, இரண்டாவது துண்டுக்கும் நீங்கள் தரும் சம்மதம்.