பாட்டியும் பூங்காவுக்கு வரட்டும்! நகர்வு ஸ்கூட்டரின் அறிவியல்

பள்ளி விடுமுறை வந்துவிட்டது. கிள்ளானில் இருந்து குடும்பமே கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்படுகிறது. "முட்டி வலி தாங்காது. நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்கிறார் பாட்டி. பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இது. பாட்டியால் சிறிது தூரம் நடக்க முடியும். நாள் முழுவதும் நடக்கத்தான் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காக உருவானதே பேட்டரியில் ஓடும் நகர்வு ஸ்கூட்டர்.

1968இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடக்கச் சிரமப்பட்ட தம் குடும்ப உறுப்பினருக்காக இதனை உருவாக்கினார். பின்னர் பேரங்காடிகளிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் இது வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியது.

எப்படி ஓடுகிறது?

பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. கைப்பிடியில் உள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் மோட்டார் சுழலும். விரலை எடுத்தால் வண்டி நிற்கும்.

இதன் பிரேக் மோட்டார் சைக்கிளின் பிரேக்கிற்கு நேர்மாறானது. சுருள்வில் ஒன்று பிரேக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். மின்சாரம் பாயும்போது மின்காந்தம் அந்தப் பிடியை விலக்குகிறது. ஆகவே பேட்டரி திடீரெனத் தீர்ந்தாலும் வண்டி உருண்டோடாது, அங்கேயே நின்றுவிடும். ஆனால், வண்டியைக் கையால் தள்ளுவதற்கென்று பின்புறம் ஒரு விடுவிப்பு நெம்பு உண்டு. அதைத் திருப்பினால் பிரேக் செயலிழக்கும். ஆள் அமர்ந்திருக்கும்போதோ மேட்டில் நிற்கும்போதோ அதைத் தொடவே கூடாது.

மேடு எவ்வளவு மின்சாரம் கேட்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டியும் வண்டியும் சேர்ந்து 120 கிலோ. புவியீர்ப்பால் கீழ்நோக்கிய விசை 120 × 9.8 = 1,176 நியூட்டன். சமதளத்தில் சக்கர உராய்வை வெல்ல இதில் 2 விழுக்காடு போதும் என்று கொள்வோம். ஏறக்குறைய 24 நியூட்டன்.

இப்போது 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாய்வுப் பாதை. புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 1,176 ÷ 12 = 98 நியூட்டன் வேண்டும். உராய்வையும் சேர்த்தால் 122 நியூட்டன். அதாவது, அதே வேகத்தில் மேடேற சமதளத்தைவிட ஐந்து மடங்கு ஆற்றல் தேவை!

நம் பகுதியில் இது முக்கியம். சன்வே லகூன் பழைய ஈயலம்பம் இருந்த பள்ளத்தில் அமைக்கப்பட்டது. இத்தகைய இடத்தில் காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். பேட்டரி களைத்திருக்கும் நேரத்தில்தான் அதற்கு வேலை அதிகம். எனவே பேட்டரி முள் பாதிக்கு வந்ததுமே திரும்பும் வழியை எண்ணிப் பாருங்கள்.

ஏன் கவிழ்கிறது?

மூன்று சக்கரங்களையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டி, ஆள் இரண்டின் மொத்த எடை அந்த முக்கோணத்திற்குள் விழும்வரை கவிழாது. முக்கோணம் முன்பக்கம் குறுகலானது. அதனால் பேரப்பிள்ளையை மடியில் வைப்பதும் கைப்பிடியில் கனமான பையை மாட்டுவதும் ஆபத்து.

வளைவில் வெளிப்பக்கம் தள்ளும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 6 கிலோமீட்டரில் இருந்து 3 கிலோமீட்டராகக் குறைத்தால் அந்த விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே வளைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். சாய்வில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே திரும்பக் கூடாது.

வாடகைக்கு எடுக்குமுன்

• பூங்காவில் ஸ்கூட்டர் உண்டா, முன்பதிவு வேண்டுமா, முன்பணம் எவ்வளவு என்று தொலைபேசியில் கேளுங்கள்.
• வண்டி தாங்கும் எடையைக் கேட்டறியுங்கள்.
• பேட்டரி முழுதாக உள்ளதா எனப் பாருங்கள்.
• வேகத் திருகை மிகக் குறைவில் வைத்து, கூட்டமில்லாத சமதளத்தில் பாட்டியைப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள்.
• இருக்கையில் ஏறும்போதும் இறங்கும்போதும் சாவியை அணைத்துவிடுங்கள். கை பட்டு நெம்புகோல் அழுந்தினால் வண்டி பாய்ந்துவிடும்.
• மாலை மழைக்கு முன் கூரைக்குள் வந்துவிடுங்கள். மின்கருவிக்குத் தண்ணீர் பகை.

இன்னொன்று. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் மஞ்சள் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய தடத்தின்மேல் ஸ்கூட்டரை நிறுத்தாதீர்கள். ஒருவருக்கு உதவும் கருவி இன்னொருவரின் வழியை மறைக்கக் கூடாது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், பொது வசதிகளை அவர்களும் மற்றவர்களைப் போல அணுகும் உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமை வீட்டு வாசலில் தொடங்கட்டும். அடுத்த முறை பாட்டி "நீங்க போயிட்டு வாங்க" என்றால், இந்தக் கணக்கை அவருக்கும் சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்: தாத்தாவும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ. 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாதையில் எத்தனை மடங்கு விசை வேண்டும்? (விடை: 3.5 மடங்கு. எடை மாறினாலும் மடங்கு மாறுவதில்லை. ஏன் என்று யோசியுங்கள்!)