மூணு மாசத்துக்குள்ள சொல்லுங்க!



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி தவணை கட்டவில்லை. ஊக்குநர் கேட்டதற்கு, "மில் வேலைய விட்டு எட்டு மாசம் ஆச்சு. நகைய அடகு வச்சு கட்டிட்டிருந்தேன், இப்ப முடியல" என்றார். ஏன் விட்டார் என்று சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகுதான் என்னிடம் அழுதார்.

"சூப்பர்வைசர் நைட் ஷிப்டுல பக்கத்துல வந்து அசிங்கமா பேசுவான் அக்கா. கையப் பிடிப்பான். ஒத்துக்கலைன்னு ரெண்டு ஆள் வேலைய என் தலையில போட்டான். வீட்டுல சொன்னா என்னையத்தான் குத்தம் சொல்வாங்க. அதான் நின்னுட்டேன்."

தப்பு செய்தவன் வேலையில் இருக்கிறான். வேலையும் நகையும் போனது இவருக்கு. இது நியாயமா? அவர் சம்மதத்தோடுதான், பெயர் இல்லாமல், இதை எழுதுகிறேன்.

சட்டம் எப்படி வந்தது?

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமத்துப் பெண், அரசுத் திட்டப் பணியாளராக குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்காக 1992-ல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையடுத்து மகளிர் அமைப்புகள் போட்ட வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பைத் தந்தது. 2013-ல் தனிச் சட்டமே வந்தது.

எது குற்றம்?

விருப்பமில்லாமல் தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, செல்போனில் அசிங்கமான படம் காட்டுவது, "ஒத்துக்கிட்டா லேசான வேலை" என்பது எல்லாம் குற்றம். கம்பெனி வேனில் நடந்தாலும் குற்றம்தான். (கூலி பாக்கி போன்ற பிரச்சினைக்கு தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும்.)

யாரிடம் சொல்வது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் தலைமையில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவு என்றாலோ, முதலாளியே தப்பு செய்தாலோ மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இதுதான் வழி. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 181-க்கும் போன் செய்யலாம்.

மறக்கக் கூடாதவை

• கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை ஏற்கலாம்.
• எழுதத் தெரியாவிட்டால் புகார் குழுவே எழுத உதவ வேண்டும்.
• உங்கள் பெயரை வெளியிடக் கூடாது.
• விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம்.
• சாட்சி இல்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகாது.

நம் குழு என்ன செய்யலாம்?

"நீ எப்படி நடந்துகிட்ட?" என்று கேட்காதீர்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று உடனே எழுதி வைக்க உதவுங்கள். புகார் கொடுக்க இருவர் கூடப் போங்கள்.

நம் சகோதரிக்கு புகார் குழுவின் கெடு தாண்டிவிட்டது. போலீசில் புகார் தரும் வழி உண்டு. அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த முடிவானாலும் கூட வருவதாக குழுவில் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். இதே மூன்று பேர் எட்டு மாதம் முன்பும் அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் வெளி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அங்கே புகார் குழு இருக்கிறதா?
2. ஒருவர் திடீரென்று வேலையை விட்டால், நாம் காரணம் கேட்கிறோமா, தவணை மட்டும் கேட்கிறோமா?