நோவாவின் வானவில்லும் துவாலுவின் கடலும்

கேள்வி: கடவுள் காப்பார் என்ற நம்பிக்கை பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளத் தடையா, துணையா?

பதில்: இவ்வினாவுக்குத் தங்கள் வாழ்விலேயே விடை தேட நேர்ந்தவர்கள் பசிபிக் தீவுகளின் கிறிஸ்தவர்கள். ஒன்பது தீவுகளும் ஏறத்தாழ 11,000 மக்களும் கொண்ட துவாலு நாட்டில், உலகை இனி வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று நோவாவுக்குக் கடவுள் அளித்த வாக்கையும், அதன் அடையாளமான வானவில்லையும் நம்பி, கடல்மட்ட உயர்வைக் குறித்த எச்சரிக்கையைப் பலர் ஏற்கத் தயங்கினர். ஆனால் பெருவோதம் எனப்படும் உச்ச ஏற்ற நாட்களில் கடல்நீர் கரையைத் தாண்டி வருவதோடு நில்லாமல், நுண்துளைகள் நிறைந்த பவளப் பாறையின் வழியே தரைக்கு அடியிலிருந்தும் குமிழியிட்டு ஊறி, சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த பூலக்கா என்னும் கிழங்கு விளையும் குழிகளை உப்பாக்கிவிடுகிறது.

கண்ணெதிரே நிகழும் இதை மறுப்பது பக்தி ஆகாது என்பதை உணர்ந்த பசிபிக் திருச்சபைகள், 2004 மார்ச்சில் கிரிபட்டி நாட்டின் தராவாவில் கூடி, பருவநிலை மாற்றம் மனிதரால் நேர்வது என்றும், தொழில்வள நாடுகளின் மிகையான எரிபொருள் நுகர்வுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்றும் அறிவித்தன. நோவாவுக்குத் தந்த வாக்கு கடவுளைக் கட்டுப்படுத்துகிறதே அன்றி, புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த நோவாவும் மழைக்கு முன்பே பேழையைக் கட்டத் தொடங்கியவர்தான். வேதத்தை இவ்வாறு வாசிக்கும்போது நம்பிக்கை தடையாவதில்லை. தீங்கு செய்வோரிடம் நீதி கேட்கும் துணிவை அதுவே தருகிறது. அத்தகைய துணிவோடு 2014 அக்டோபரில் பசிபிக் தீவு இளைஞர்கள் கையால் செதுக்கிய ஓடங்களோடு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துக்குச் சென்று நிலக்கரிக் கப்பல்களை மறித்தனர்.