டீசல் ஹீட்டர் பழுதானால் லொறி நின்றுவிடுமா?

தோட்டத்து லொறி கொழுந்து ஏற்ற மட்டுமா இருக்கிறது? ராத்திரியில் பிரசவ வலி வந்தால் பல தோட்டங்களில் அந்த லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். ஆகவே டிரைவர் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு வீட்டாரும் இதை வாசிக்க வேண்டும்.

டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடினால் அது கட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்துவிடும். இதற்காகவே சில வண்டிகளில் டீசல் ஃபில்டரின் தலைப்பகுதியில் ஒரு மின்சார ஹீட்டர் வைக்கிறார்கள். டீசல் குளிர்ந்தால் அது சூடாகும். தேவை தீர்ந்ததும் தானாக நிற்கும். இன்ஜின் சிலிண்டரைச் சூடாக்கும் 'ஹீட்டர் பிளக்' வேறு சாமான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வீண் செலவு செய்கிறவர்கள் அதிகம்.

நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிய லொறி ஏ-9 வீதியில் போய், நாவற்குழி, செம்மணி தாண்டி அரியாலையில் இரவு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஹீட்டர் சூடாகாததால்தான் என்றால் நம்பாதீர்கள். யாழ்ப்பாண வெக்கையில் டீசல் உறையாது. (1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், அங்கே பெற்றோல் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முதலில் சில துளி பெற்றோல் விட்டு இன்ஜினைச் சூடாக்குவார்கள். எண்ணெயும் சூடும் அந்த ஊர்க்காரருக்கு நன்றாகத் தெரிந்த பாடம்.)

ஆனால் ஹீட்டர் வேறு வழியில் வண்டியை நிறுத்தும். அதன் சீல் தேய்ந்தால் டீசல் கசியும், லைனுக்குள் காற்று ஏறும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். வயர் ஷோர்ட் ஆனால் பியூஸ் போகும். சில வண்டிகளில் அதே பியூஸில்தான் டீசலைத் திறந்துவிடும் சுவிட்சும் இருக்கிறது.

சாவியை எடுத்துவிட்டு ஹீட்டரின் வயர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கருகியிருந்தால் திரும்பப் பொருத்த வேண்டாம். வயர் முனையை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். உள்ளே டீசல் ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது, அதை மெக்கானிக் மாற்றியே ஆகவேண்டும். புதுப் பியூஸ் அதே அம்பியரில் இருக்கட்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிற பழக்கம் லொறியையே எரித்துவிடும். பிறகு ஃபில்டர் அடியில் தண்ணீரை வடித்து, கைப்பம்பால் காற்றை எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

ஹீட்டர் இல்லாமல் வீடு வரை வரலாம். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும். அதற்கு முன் ஹீட்டரைச் சரிசெய்துவிடுங்கள். அப்படியே ஒருநாள் மாட்டிக்கொண்டாலும் டாங்கிக்கு அடியில் பந்தம் பிடிக்காதீர்கள். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த சாக்கை ஃபில்டரில் சுற்றி, பத்து நிமிஷம் பொறுத்திருங்கள்.