நாணைக் காக்கும் சுற்றுநூல்

வில்நாணில் அம்பின் பிளவு பொருந்துமிடமும் விரல் பற்றுமிடமும் விரைவில் தேயுமாதலின், அவ்விடத்தே வேறொரு நூலை நெருங்கச் சுற்றுதல் மரபு. ஆங்கிலேயரின் நெடுவில்லைப் பற்றி 1545-இல் ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் நூலை வெளியிட்ட ரோஜர் ஆஸ்கம், தீய நாணால் நல்ல விற்கள் பல முறிகின்றன என்று எச்சரித்தார். சுற்றுநூலைத் தேர்வோர் இதனை மறத்தலாகாது.

சுற்று மெலிந்ததாயின் அம்பு நாணினின்று நழுவும். அம்பேற்க வேண்டிய விசை முழுதும் வில்லின் மீதே திரும்பி, மரத்தைப் பிளக்கவுங் கூடும். மிகப் பருத்ததாயின் அம்பின் பிளவே விரியும். நாணில் கோத்த அம்பைக் கீழ்நோக்கித் தொங்கவிடுக. அது தானே விழலாகாது. நாணை விரலால் மெல்லத் தட்டிய அளவில் விழுதல் வேண்டும்.

பட்டு வழவழப்பும் வலிமையும் உடையது, விலையோ மிகுதி. ஒற்றையிழை நைலான் நெடுநாள் உழைக்குமெனினும், கடினமாதலின் மரத்தாலான அம்புப்பிளவை அரிக்கும்; ஓரிடத்து அறுந்தால் சரசரவென அவிழ்ந்தும் போம். மரவில்லுக்குத் தேன்மெழுகு பூசிய லினன் நூலே என் தேர்வு; அது நாணை இறுகப் பற்றி இடம் பெயராது நிற்கும். பருத்தி நூலையும் இகழ வேண்டா. அது விரைவில் தேயினும், தேய்வது கண்ணுக்குப் புலனாகும், மாற்றுவதும் எளிது.